திருப்பி வைத்த திருகு

முட்டைத் தட்டுகளை ஏற்றிக் கயிற்றை இறுக்கிவிட்டு, முன் சக்கரத்தின் அருகே அவள் குந்தினாள்.

திருகு மறுபடியும் ‘லாக்’கில் இருந்தது.

நேற்று மாலை அவள்தான் அதை ‘ஃப்ரீ’க்குத் திருப்பினாள். முந்தாநாளும் அப்படித்தான். ஒவ்வொரு காலையிலும் அது தன் இஷ்டத்துக்குப் பூட்டிக்கொண்டு நிற்கிறது.

பழைய பிக்கப் அது. நான்கு சக்கரமும் இழுக்கும். ஆனால் எப்போதும் இழுக்க வேண்டியதில்லை. தார்ச்சாலையில் பின் சக்கரங்களே போதும். முன் சக்கரங்கள் சும்மா உருண்டு கூட வரும். சேறு, ஓடை என்று வந்தால்தான் அவற்றுக்கு வேலை. அதற்காக ஒவ்வொரு முன் சக்கரத்தின் நடுவிலும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு திருகு. அதைத் திருப்பினால் உள்ளே ஒரு பல்வளையம் நகர்ந்து சக்கரத்தையும் அச்சையும் ஒன்றாகக் கோத்துவிடும். பழையபடி திருப்பினால் சக்கரம் வேறு, அச்சு வேறு.

அவ்வளவுதான் விஷயம். மறைவு ஒன்றும் இல்லை. அதனாலேயே அவளுக்கு இந்த வண்டியைப் பிடிக்கும்.

புது வண்டிகளில் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமாம். இதில் யாராவது ஒருவர் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

பூட்டியபடியே சாலையில் ஓட்டினால் வண்டி நின்றுவிடாது. வேலை இல்லாத அச்சும் ஷாஃப்டும் வீணாகச் சுழலும். காலடியில் யாரோ வாயைத் திறக்காமல் பாடுவதுபோல ஒரு முனகல் கேட்கும். காலையில் திருகைப் பார்க்க மறந்த நாட்களில், மேட்டுக் குடியிருப்புகளுக்கு முட்டை கொண்டுபோகும் வழியெல்லாம் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே போய், ஒரு நாள் மெக்கானிக்கிடம் வண்டியை நிறுத்தினாள்.

அவர் அடியில் படுத்து ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தார்.

“ஜாயின்ட் தேஞ்சுட்டே வருது. இதுக்கு மாத்துச் சாமான் இப்ப எங்கயும் கிடைக்காது. இது போச்சுன்னா வண்டிக்கே ஒரு கும்பிடு போட்டுட வேண்டியதுதான்.”

அந்த மேடேற இந்த வண்டியை விட்டால் அவளுக்கு வேறு வண்டியில்லை.

“தானா பூட்டிக்குதுங்க,” என்றாள்.

“கை படாம அது அசையாதும்மா.” ஒரு விரலளவு கிரீஸை வழித்துத் தாளில் மடித்துக் கொடுத்தார். “சாயங்காலம் இதைத் திருகு மேல தடவி வைங்க. காலையில யார் கை கறுப்போ, அவங்கதான் உங்க பேய்.”

நேற்று தடவினாள். இன்று அந்தக் கிரீஸின் மேல் ஒரு கட்டைவிரல் அழுந்தத் தடம் பதித்திருந்தது.

வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். அவளும் அவள் நாத்தனாரும்.

நாத்தனார் இரண்டு டம்ளர் டீயோடு வாசலுக்கு வந்தாள். “என்ன, உங்க கிழவன் இன்னைக்கும் மக்கர் பண்றானா?” வண்டிக்கு அவள் வைத்த பெயர் கிழவன்.

இவள் அந்தக் கைகளையே பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தன.

“என் கையை என்ன பாக்கறீங்க அண்ணி? உங்க கையைப் பாருங்க.”

வலது கட்டைவிரல் நகத்தடியில் கறுப்பு. பல் துலக்கும்போதே அதைக் கவனித்திருந்தாள். நேற்று தடவியது இன்னும் போகவில்லை என்று நினைத்திருந்தாள். ஆனால் நேற்று பழைய துணியால் அல்லவா தடவினாள். விரல் படவே இல்லையே.

கொஞ்ச நாளாகவே அவளுக்கு ஒரே கனவு. வண்டியைச் சுற்றித் தண்ணீர். சத்தமில்லாத, பால்போல வெளுத்த தண்ணீர். விழிக்கும்போது பாதங்கள் ஈரமாக இருக்கும். கனவின் ஈரம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது போலும் என்று புரண்டு படுப்பாள்.

முற்றத்துப் புல்லில் இப்போதும் பனி மின்னியது. வீட்டு வாசலிலிருந்து சக்கரம் வரைக்கும் ஒரு காலடி வரிசை மட்டும் மின்னவில்லை.

“நீ பாத்தியா? எழுப்பியிருக்கலாமே?”

“எழுப்பத்தான் வாசல் வரைக்கும் வந்தேன்.” நாத்தனார் டம்ளர்களை வண்டியின் மூக்கின்மேல் வைத்தாள். “நீங்க அண்ணன்கிட்ட பேசிட்டிருந்தீங்க. ‘நீ இறங்காத, நான் பூட்டிட்டேன்’னு. எனக்கு எழுப்ப மனசு வரல அண்ணி.”

டீயில் ஆடை படிந்தது. இருவரும் குடிக்கவில்லை.

போன மழையில், ஓடையின் நடுவே பின் சக்கரங்கள் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, “நீ ஸ்டியரிங்கை விடாத” என்று சொல்லிவிட்டு அவள் கணவன்தான் இறங்கினான். இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு திருகையும் சரியாகவே திருப்பினான். வண்டி ஏமாற்றவில்லை. ஒரே இழுப்பில் கரையேறியது.

அவள் திரும்பிப் பார்த்தபோது ஓடை மட்டும் இருந்தது.

இப்போதெல்லாம் வீடு திரும்பியதும், வெளிச்சம் இருக்கும்போதே, இரண்டு திருகையும் ‘லாக்’குக்குத் திருப்பி வைத்துவிடுகிறாள். நாத்தனார் கூடவே நின்று, பூட்டியாயிற்று என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்கிறாள். பிறகு படுக்கிறார்கள். யாரும் எழுந்து போவதில்லை.

காலையில் தட்டுகளை ஏற்றியபின், குந்தி, இரண்டையும் ‘ஃப்ரீ’க்குத் திருப்புகிறாள். சாலையில் முனகல் இல்லை. பாதங்கள் காய்ந்திருக்கின்றன.