முதல் வாய்

இலையில் கறிக்குழம்பு, ஈரல் வறுவல், அவித்த முட்டை, ஒரு கட்டு பீடி எல்லாம் வைத்தாகிவிட்டது. கடைசியாக நான் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்ததும் தங்கபாண்டிக்கு முகம் கோணிப்போனது.

"என்ன மதினி இது? எங்கண்ணே என்னைக்கு இந்தச் செவப்புத் தண்ணியக் குடிச்சாரு?"

தங்கபாண்டி என் கொழுந்தன். அவன் அண்ணனுக்கு முதல் வருடப் படையல் இன்று. அண்ணனுக்குப் பிராந்திதான் என்று அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா? ஈரல் கெட்டு, கண்ணெல்லாம் மஞ்சளாகி, அந்த மனிதர் உயிரை விட்டது என் மடியில்தான்.

"பழசு ஆளையே கொண்டுபோயிருச்சு. இனிமேலாச்சும் புதுசக் குடிக்கட்டும்" என்றேன்.

பங்காளிகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஒரு வருடமாக இப்படித்தான். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது எல்லாம்.

பயம் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது.

எங்கள் பங்காளிகளுக்குள் ஒரு வழக்கம். செத்தவருக்குப் பிடித்தது இலையில் இருந்தாக வேண்டும். கும்பிட்டு எடுத்ததும் பாட்டிலில் முதல் வாய் தலைமகனுக்கு. அதன் பிறகுதான் மற்ற ஆண்கள் தொடலாம். என் வீட்டுக்காரர் அவருடைய அப்பா படையலில்தான் ஆரம்பித்தார். அன்று தொட்டவர் சாகிறவரை விடவில்லை.

என் மகன் ஜெகதீஷ் அப்படியில்லை. படிப்பை முடித்துப் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். சம்பளத்தை அப்படியே என் கையில் கொடுப்பான். ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் அவன் வாயில் ஏலக்காய் மணக்கும். கடைக்காரப் பிள்ளை, வேறென்ன மணக்கும்?

அவனுக்கு இது வேண்டாம் என்று கொழுந்தனிடம் சொல்லிப் பார்த்தேன். பெத்த தகப்பனுக்குச் செய்கிற மரியாதை என்றான். வகையறாவோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. அதனால் பாட்டிலை மாற்றினேன்.

போடிமெட்டுக்கு மேலே, கேரளா பக்கம் ஒரு விடுதியில் நான் கிளாஸ் கழுவுகிறேன். காலையில் ஏலத்தோட்டத்து ஆட்களோடு ஜீப்பில் ஏறி, பொழுது சாய இறங்குவேன். அங்கே சுஜிதா என்று ஒரு பிள்ளை. சுற்றுலா வருகிறவர்களை உட்காரவைத்து ஒயினை ருசி பார்க்கச் சொல்லிக்கொடுக்கும்.

கிளாஸைத் தண்டில் பிடிக்க வேண்டுமாம். சுழற்றி, மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்க வேண்டுமாம். வாயில் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டுமாம். பிடிக்காவிட்டால் துப்பிக்கொள்ள ஒரு வாளி. விலை கூடியதெல்லாம் நல்லது என்று நினைக்காதீர்கள், விலை குறைந்ததிலும் உங்கள் நாக்குக்கு ஒன்று இருக்கும் என்று சொல்லும். கழுவிக்கொண்டே கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம்.

புதிதாக வருகிறவர்களுக்கு லேசான, இனிப்பான சிவப்பு ஒயினைத்தான் ஊற்றும். ஒரே ஒரு பாட்டிலை மட்டும் தள்ளி வைத்துவிடும்.

"இதுல மட்டும் ஆரம்பிக்காதீங்க. துவர்ப்பு நாக்கப் பிடிச்சு இழுத்துரும். முதல் வாயே இதுன்னா, ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் வரமாட்டீங்க."

அந்தப் பாட்டிலைத்தான் விலைக்குக் கேட்டேன். இருக்கிறதிலேயே மலிவும் அதுதான்.

"உங்களுக்காக்கா? கசக்குமேக்கா!" என்றது சுஜிதா.

"கசக்கணும் தாயி."

பழைய சேலையில் சுற்றி, பையில் தூக்குச்சட்டிக்கு அடியில் வைத்து, செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொண்டுவந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம் ஜீப்பின் ஒவ்வொரு வளைவிலும் அதை மடியோடு இறுக்கிப் பிடித்திருந்தேன்.

சூடம் காட்டினார்கள். எல்லோரும் விழுந்து கும்பிட்டு எழுந்தோம். தங்கபாண்டி மூடியைத் திருகி, சில்வர் டம்ளரில் பாதிக்கு ஊற்றினான்.

"பிடி அப்பு. அப்பாவ நெனச்சுக்கிட்டு ஒரு வாய்."

நான் செம்பு நிறையத் தண்ணீரோடு மகன் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். மூஞ்சி சுருங்கும். துப்புவதற்கு வாசலுக்கு ஓடுவான். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அதோடு சரி, என் பிள்ளை தப்பித்துவிடுவான். அவன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெகதீஷ் டம்ளரை வாங்கினான். மோதிர விரல் நுனியை உள்ளே நனைத்து, தரையில் ஒரு சொட்டைச் சுண்டிவிட்டான். பிறகு இன்னொரு சொட்டு.

அவன் அப்பா தினமும் அப்படிச் சுண்டிவிட்டுத்தான் குடிப்பார். பங்காளிகள் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. குடிக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதானே.

ஒரே மடக்கில் குடித்து முடித்தான். புருவம்கூட அசையவில்லை.

டம்ளரைச் சித்தப்பாவிடம் நீட்டிவிட்டு, புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டான். சட்டைப்பைக்குள் விரலை விட்டு ஒரு ஏலக்காயை எடுத்து, தோலோடு வாயில் போட்டு மென்றான்.

"என்னம்மா?" என்றான், என்னைப் பார்த்து.

வாய் கமகமவென்று மணந்தது.

அழ வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை. காலையிலிருந்து விரதம், தொண்டை காய்ந்து கிடந்தது. அந்தச் செம்புத் தண்ணீரை நானே குடித்தேன்.