குளிர்ந்த மணிக்கட்டு

அது பங்குனியா, ஐப்பசியா என்று இசக்கியம்மாளுக்கு இப்போது நிச்சயமில்லை. எல்லா மாதமும் ஒரே வெயிலாகிவிட்ட பிறகு எதை வைத்து நினைவுகொள்வது?

கட்டட வேலையில் இருந்த ஒவ்வொருவர் கையிலும் கம்பெனி ஒரு பட்டையை மாட்டியிருந்தது. உடம்பு சூடேறினால் அது அலறும். உடனே கீழே இறங்கிவிட வேண்டும். அன்றைய கூலி கிடையாது. அதனால் கொத்தனார் சுடலைமுத்து தன் பட்டையைக் கழற்றி, கொட்டகை நிழலில் இருந்த மனைவி இசக்கியம்மாள் கையில் மாட்டிவிட்டுத்தான் மேலே ஏறுவான். எல்லா ஆண்களும் அப்படித்தான் செய்தார்கள்.

"ஏட்டி, அடுப்புப் பக்கம் போயிராத. நீ சூடானா என்னைய இறக்கிருவானுவ."

"ஆமா, மகாராணி கணக்கா உக்காந்திருக்கேன். நீங்க சூதானமா ஏறுங்க."

அவள் அன்று உலையே வைக்கவில்லை. ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டை ஒருமுறைகூட அலறவில்லை. மத்தியானம் அவனைத் தூக்கி வந்தபோது உடம்பு தொட முடியாமல் கொதித்தது; உயிர் இல்லை. மேஸ்திரி அவள் கையிலிருந்த பட்டையை உருவிப் பிணத்தின் கையில் மாட்டினார்.

விசாரிக்க வந்த அதிகாரி பட்டையில் பதிவாகியிருந்த சூட்டைப் பார்த்தார்.

"உடம்பு சூடே ஆகலையேம்மா. வெயில்ல சாகல. குடிப்பாரோ?"

உண்மையைச் சொன்னால் அத்தனை பேருக்கும் வேலை போகும். கொட்டகைப் பெண்கள் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். சுடலைமுத்து சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை.

"ஆமாய்யா, குடிப்பாரு" என்றாள்.

அப்படியே எழுதி, அவனை எரித்தார்கள். மற்ற ஆண்கள் மறுநாளும் மேலே ஏறினார்கள். இசக்கியம்மாள் ஊருக்குத் திரும்பிவிட்டாள். அங்கே அவளைக் குடிகாரன் பெண்டாட்டி என்கிறார்கள்.