கழிமுகத்தின் வலி

கழிமுகத்தைச் சட்டம் ஓர் ஆளாக ஏற்றுக்கொண்டபோது, அதற்குப் பேசுவதற்கு ஒரு குரலையும் கொடுத்தது. கரையில் நட்ட கம்பத்திலிருந்து அது தன் நலத்தைத் தானே சொல்லிவந்தது. அதன் சம்மதமின்றி, கடல்வாயை அடைத்துக் கிடக்கும் மணல்திட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவது, ஓர் ஆளைக் காயப்படுத்திய குற்றம்.

ஒரு பெருமழையில் ஆற்றுவெள்ளம் போக்கிடமின்றி நாகபூஷணத்தின் அடுப்படிவரை ஏறிவிட்டது. திட்டில் முதல் வெட்டுப் போடுவது அவ்வாண்டு அவர்கள் வீட்டு முறை. அவள் கணவன் தேசப்பனோ மண்வெட்டியைக் காலடியில் போட்டுவிட்டுக் கம்பத்தின்முன் கைகட்டி நின்றான்.

"வெட்டாதீர்கள். எனக்கு வலிக்கும்," என்றது கழிமுகம்.

"பாவம்டி, வலிக்குமாம்," என்றான் அவன்.

"எனக்குப் பிரசவ வலி வந்தப்ப நீ குந்திக்கினு வலை பின்னிக்கினு இருந்தே. அன்னிக்கு இல்லாத பாவம் இன்னிக்கு எங்கிருந்துய்யா வந்துச்சு?"

அக்குரலின்மேல் அவளுக்கு முதலிலிருந்தே ஐயம். நீர் தளும்பி நின்றால்தான் கழியின் மேற்குக்கரையில் உள்ள சுற்றுலா விடுதிகளுக்கு அழகு. அவை எழும்பிய பிறகுதான் கழிமுகத்துக்கு வலியும் தொடங்கியிருந்தது.

அவள் வெறுங்கையுடன் திட்டின்மேல் ஏறிநின்று, கம்பத்தை நோக்கி உரக்கக் கூவினாள்:

"முதல் வெட்டுப் போட்டாச்சு!"

"ஐயோ! வலிக்கிறதே!" என்று அலறியது கழிமுகம்.

தேசப்பன் கீறல்கூட விழாத மணலைப் பார்த்தான். மனைவியின் வெறுங்கைகளைப் பார்த்தான்.

"இன்னும் ஆழமாக வெட்டாதீர்கள்," என்று குரல் கெஞ்சிற்று.

அப்போதுதான் அவன் குனிந்து மண்வெட்டியை எடுத்தான்.