கம்பி வேண்டாத அட்டை

லினக்ஸ் கணினிக்குள் புதிதாகக் குடிவந்த வைஃபை அட்டை, பின்பக்கமாகத் தன் இரண்டு கொம்புகளையும் நீட்டி மேஜையை ஒரு சுற்றுப் பார்த்தது. ஒட்டுநாடா சுற்றிய பழைய சார்ஜர் கம்பி அங்கே சுருண்டு கிடந்தது.

"இனி இங்கே கம்பிக்கெல்லாம் வேலை இல்லை!" என்றது அட்டை.

கணினி கனைத்துக்கொண்டது. "தம்பி, உன்னை நான் இயக்க வேண்டுமானால் உன்னுடைய டிரைவர் மென்பொருள் வேண்டும். அது என்னிடம் இல்லையே."

"இணையத்தில் இருக்கும். இதோ கொண்டு வருகிறேன்."

"போய் வா, பார்க்கலாம்."

அட்டையால் அசையக்கூட முடியவில்லை. டிரைவர் இருந்தால்தான் இணையத்துக்குப் போகலாம். இணையத்துக்குப் போனால்தான் டிரைவர் கிடைக்கும்.

கணினியின் சொந்தக்காரி பூவிழி அலுத்துப்போனாள். "சாயங்காலத்துக்குள் வேலை செய்யாவிட்டால் இதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன்."

அட்டைக்குப் பகீரென்றது. மறுபடியும் அந்த இருட்டு டப்பாவா?

"கம்பி அண்ணே..." என்று மெல்லக் கூப்பிட்டது.

"எனக்குத்தான் இங்கே வேலை இல்லையேப்பா," என்றது கம்பி. ஆனாலும் உருண்டு போய்ப் பூவிழியின் கையருகே விழுந்தது.

அதைக் கண்டதும் அவளுக்கு யோசனை பிறந்தது. கம்பியால் செல்பேசியைக் கணினியோடு இணைத்தாள். செல்பேசியின் இணையம் கம்பி வழியே வந்தது; டிரைவரும் வந்து சேர்ந்தது. அட்டைக்கு உயிர் வந்தது.

அதுவரை தூங்கிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் விழித்துக் கேட்டது: "டிரைவர் எப்படி வந்தது?"

"எல்லாம் காற்றிலேதான்," என்றது அட்டை. "கம்பியெல்லாம் நமக்கு ஒத்துவராது."

கம்பியின் காதிலும் அது விழுந்தது. ஆனால் களைத்துப்போன செல்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் வேலை அதற்கு இருந்தது.