கருத்துக் கேட்புக் கூட்டம்

சாப்பாட்டு மேசையைச் சுற்றி மனைவி, மகள், மகன் மூவரும் தயாராக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, நகராட்சி அதிகாரியும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உங்க மாடி ரூமை நான் எடுத்துக்கலாம்னு இருக்கேன். அதுக்குத்தான் இந்தக் கன்சல்டேஷன். உங்க கருத்தைச் சொல்லுங்க” என்றாள் மனைவி.

“கன்சல்டேஷன்னா என்னம்மா?” என்றான் மகன்.

“அப்பாவைக் கேட்டுட்டுத்தான் செய்வோம்னு அர்த்தம்டா.”

அந்த அறைதான் அவருக்கு உயிர். இருபது வருடமாகச் சேர்த்த புத்தகங்கள், சாய்வு நாற்காலி, கதவைச் சாத்தினால் கிடைக்கும் நிம்மதி. எல்லாவற்றையும் சொல்லித் தொண்டை வறளப் பேசினார். மகள் ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதினாள்.

“குறிச்சுக்கிட்டேன்ப்பா.”

அப்பாடா என்று அவர் தண்ணீர்ச் சொம்பை எடுக்கும்போதே வாசலில் லாரி வந்து நின்றது. இரண்டு பேர் தையல் மெஷின்களை இறக்கி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“எல்லாத்தையும் முன்னாடியே முடிவு பண்ணிட்டு, அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டே?” என்று கத்தினார்.

“கேக்கணும்னுதான் விதி. கேட்டபடி செய்யணும்னு விதி இல்ல.”

கடைவீதியை இடிப்பது பற்றிப் போன வாரம் நடந்த கூட்டத்தில், மைக்கைப் பிடித்து அவரே சொன்ன வார்த்தைகள் அவை.

“அன்னிக்கு மூணாவது வரிசையில நின்னு நானும்தான் பேசினேன். நீங்களும் குறிச்சுக்கிட்டீங்க” என்றாள் மனைவி. “இன்னிக்குக் காலையில புல்டோசர் வந்து என் கடையை இடிச்சுட்டுப் போச்சு. மெஷினை வேற எங்கதான் வைக்கிறது?”