ரெண்டு சீட்டு வண்டி

"ஏங்க, இன்னிக்காவது அந்தக் காரை யார் தலையிலயாவது கட்டுங்க. உட்கார ரெண்டு சீட்டு, அதுக்கு ஒரு ஷெட்டு!" காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள் மனைவி.

வாங்க வந்தவர் பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஆசையாகத் தடவிவிட்டு ஸ்டார்ட் செய்தார். பாட்டரி விளக்கு அணையவே இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜின் விக்கி விக்கி நின்றுபோனது.

"சார்ஜும் ஏறல, காலை எடுத்தா இன்ஜினும் ஆஃப் ஆயிடுது. போன வாரம் நல்லாத்தானே சார் ஓடுச்சு?"

"வயசாயிடுச்சுல்ல, திடீர்னு அடம் பிடிக்குது" என்று முகத்தைத் தொங்கப்போட்டார் கணவர்.

"இந்தத் தலைவலி நமக்கு வேணாம் சார்." வந்தவர் நடையைக் கட்டினார்.

கேட்டைச் சாத்திய கையோடு, விசிலடித்தபடி பானெட்டைத் திறந்தார் கணவர். காலையில் தானே கழற்றிவிட்டிருந்த, பாட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் ஒயரை மாட்டி, வண்டியைக் கிளப்பினார். பாட்டரி விளக்கு அணைந்தது. ஆனால் இன்ஜின் மறுபடி விக்கி நின்றது.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒயரைத் தவிர வேறெதிலும் அவர் கை வைக்கவில்லையே!

"தள்ளுங்க" என்று வந்த மனைவி, கழன்று கிடந்த வேக்குவம் குழாயை அழுத்திச் செருகினாள். "இத்தனை வருஷமா பக்கத்துல டார்ச் பிடிச்சேனே, எதைப் புடுங்கினா இன்ஜின் நிக்கும்னுகூடவா தெரியாது?"

"விக்கச் சொன்னதே நீதானேடி!"

"சொன்னேன். நிஜமாவே ஆளைக் கூட்டிட்டு வருவீங்கன்னு கண்டேனா? இது போயிட்டா, லீவு நாள் முழுக்க கிச்சன்ல நின்னு எனக்குல்ல யோசனை சொல்லுவீங்க!"