பனி என்று வாசித்தவள்

காலைச் செய்தியை வாசித்துவிட்டு எழுந்த தமயந்தியைத் தங்கை சுகுணா போனில் அழைத்தாள். சுகுணாவின் வீடு ரசாயன ஆலைக்குப் பின்தெருவில் இருந்தது. ஆலை முதலாளி போன மாதம்தான் தமயந்தியின் சேனலை வாங்கியிருந்தார்.

"அக்கா, வெளிய ஒரே வெள்ளையா இருக்கு. கண்ணு எரியுது, பாப்பா இருமிக்கிட்டே இருக்கா."

"அது பனி இல்லடி. உடனே கிளம்பு!"

"நீதானேக்கா இப்ப பனின்னு வாசிச்சே? தெருவே உன்னை நம்பிக் கதவைச் சாத்திட்டு உள்ள உட்கார்ந்திருக்கு."

இணைப்பு அறுந்தது. தமயந்தி செய்தி ஆசிரியர் பரந்தாமனிடம் ஓடினாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மேலேருந்து வந்ததைப் படிம்மா. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

அடுத்த செய்திக்கு உட்கார்ந்தாள். எதிர்த் திரையில் 'பனிமூட்டம், அச்சம் வேண்டாம்' என்ற வரி ஏறி வந்தது. "பனி இல்ல, விஷவாயு! எல்லாரும் ஓடுங்க!" என்று கேமராவைப் பார்த்துக் கத்தினாள்.

கண்ணாடிக்கு அப்பால் பரந்தாமன் பொத்தானை நோக்கிப் பாய்ந்தார். மானிட்டரில் சோப்பு விளம்பரம் ஓடத் தொடங்கியது. அவள் குரல் வெளியே போனதா, அதற்குள் வெட்டிவிட்டார்களா, தெரியவில்லை. இருக்கையில் இருந்தபடியே சுகுணாவை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.